கெத்து

ரமலானில் ஒரே ஒரு நாள் சதீஷ்குமாரும் நோன்பு வைப்பான். அவனுக்கு அது கடமை இல்லை. பர் துபாயில் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி ஹசன் அலியுடையது. காயல்பட்டினத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்த முதல் ரமலானில், "சோறில்லாம ஒரு நாள் உன்னால இருக்க முடியாது மாப்ளே" என்று ஹசன் அலி சீண்ட, "திருச்சிக்காரன்கிட்ட சவால் விடாத" என்று இவன் வீம்புக்கு ஆரம்பித்த பழக்கம் அது.

அப்போது நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது. தெருவில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். அன்று மாலை ஷார்ஜா ரோலாவில் ஹசன் அலியின் வீட்டில், பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தைக் கடித்தபோது, இனிப்பு என்ற ஒன்றை அந்த நிமிடம்தான் யாரோ கண்டுபிடித்ததுபோல இருந்தது. அந்த ருசிக்காகவே ஒவ்வொரு வருடமும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பான். அன்று மாலை மனைவி தாரிணியும் மகள் ஹர்ஷினியும் நேராக ஹசன் அலி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஹசன் அலியின் மனைவி ரஹீமா பீவி அன்றைக்குக் கஞ்சியில் கறி போடமாட்டாள், தாரிணி சைவம்.

இந்த வருடம் நோன்பு பிப்ரவரிக்கு நகர்ந்து வந்திருந்தது. காலையில் லேசான குளிர், குட்டைப் பகல்.

"இதெல்லாம் நோம்பே இல்ல. லேட்டா சாப்பிடுற லஞ்ச்" என்றான் ஹசன் அலி. "எங்க வாப்பா கேட்டா சிரிப்பாங்க."

சதீஷும் சிரித்தான். ஆனால் உச்சிவேளைக்கே கொட்டாவி வரத் தொடங்கியது. ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது, மூக்கு ஒழுகியது. ஏசி எப்போதும்போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவன் கையில் மட்டும் மயிர்கள் சிலிர்த்து நின்றன. மேசைக்கடியில் கால்கள் அவனைக் கேட்காமலே ஆடின. திரையில் இருந்த படிக்கட்டு வரைபடத்தில் ஒரு கோட்டை நான்கைந்து முறை அழித்து அழித்துப் போட்டான்.

"என்னடா, அழுவுறியா?"

"பசி."

ஹசன் அலி நாற்காலியோடு திரும்பினான். "நானும் பொறந்ததுலேர்ந்து நோம்பு வைக்கிறேன். பசிச்சா வயிறு கத்தும், தலை வலிக்கும். மூக்கு ஒழுகி நான் பாத்ததில்லயே மாப்ளே."

"சளி பிடிச்சிருக்கு. வேலையப் பாரு."

சொன்ன தொனி அவனுக்கே விசித்திரமாக இருந்தது. ஹசன் அலி ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரமலான் நேரப்படி அலுவலகம் சீக்கிரம் முடிந்தது. தினமும் சதீஷின் காரில்தான் இருவரும் ஷார்ஜாவுக்குத் திரும்புவார்கள். "தொழுதுட்டு வந்துடுறேன், கார்ல இரு" என்று ஹசன் அலி பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனான். சதீஷ் அடித்தள பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்தான். பின்சீட்டில் கிடந்த பைக்குள் ஃபிளாஸ்க் இருந்தது. இன்று எதற்கும் தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் அதை நிரப்பி எடுத்து வந்திருந்தான்.

குடித்தான். பாசி பிடித்த குளத்தைக் கலக்கியதுபோன்ற அந்தப் பச்சைக் கசப்பு தொண்டையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கால்கள் ஓய்ந்தன, மூக்கு நின்றது. உலகம் அவன்மீது வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டது.

கதவைத் திறந்து ஏறிய ஹசன் அலி அவன் முகத்தைப் பார்த்தான். முன்னால் இருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி நீட்டினான்.

"மீசையத் தொடச்சிக்கோ."

இத்திஹாத் சாலையின் நெரிசலில் ஊர்ந்த நேரம் முழுவதும், ஹசன் அலி எப்போது கேலியை ஆரம்பிப்பான் என்று சதீஷ் காத்திருந்தான். கேலி வரவேயில்லை.

*

அந்தப் பச்சைப் பொடிக்குக் கெத்து என்று பெயர். வைத்தவன் சதீஷ்தான்.

அலுவலகத்தில் சோலையப்பன் என்றொரு மலேசியத் தமிழன் சில காலம் இருந்தான். பினாங்கில் பிறந்தவன். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்ததில் சதீஷுக்கு முதுகுவலி வந்து அவன் நெளிந்துகொண்டிருந்தபோது, "எங்க ஊர் எலைப் பொடி லா. சுடுதண்ணில போட்டுக் குடி, வலி ஓடிப்போயிரும்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். பெயர் கேட்டதற்கு, "கெத்தும்" என்றான்.

"பேரே கெத்தா இருக்கே!" என்றான் சதீஷ். அன்றிலிருந்து அது கெத்து.

வலி உண்மையிலேயே ஓடிப்போனது. வீட்டில் தாரிணியிடம் கொடுத்தபோது அவள் முகர்ந்து பார்த்து, முருங்கை இலையும் நிலவேம்பும் சேர்ந்த வாசம் என்றாள். இவ்வளவு கசப்பாக இருக்கிற ஒன்று உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. சுக்கு தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்து, இறுத்துக் கொடுத்தாள். முதலில் இரவு மட்டும், அதனால் போன வருட நோன்பு சிக்கலில்லாமல் போனது. பிறகு காலையிலும். பிறகு அலுவலகத்துக்கு ஃபிளாஸ்க். டீஸ்பூனில் ஆரம்பித்தது குழம்புக் கரண்டிக்கு வந்து நின்றது. சோலையப்பன் தோஹாவுக்கு வேலை மாறிப் போன பின்பும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாகப் பொட்டலம் வந்துகொண்டிருந்தது. மேலே பச்சைத் தேயிலை என்று அச்சிட்டிருக்கும். அது ஏன் என்று சதீஷ் ஒருநாளும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடங்களைச் சுற்றிக்கொண்டு போக அவன் மனம் பழகியிருந்தது.

*

பாங்கு ஒலித்தது. ரஹீமா பீவி பேரீச்சம்பழத் தட்டை முதலில் அவன் பக்கம்தான் நகர்த்தினாள்.

"எடுத்துக்கிடுங்க தம்பி. கடமை இல்லாமலே வைக்கிறீய, எங்களவிட உங்களுக்குத்தான் நன்மை கூட."

சதீஷ் எடுத்துக் கடித்தான். இனித்தது, அவ்வளவுதான். எதிரே ஹசன் அலி தலை குனிந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். தாரிணி வடையைப் பிய்த்து ஹர்ஷினிக்கு ஊட்டிக்கொண்டே, "காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலையாக்கும்!" என்று பெருமையாகச் சொன்னாள். சதீஷ் பேரீச்சங்கொட்டையை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

தொழுகை முடிந்ததும் ஹசன் அலி அவனைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். கீழே ரோலாவின் பணமாற்றுக் கடைகளில் விளக்குகள் எரிந்தன. துபாய் பஸ் கூட்டத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியது.

"நீ தண்ணி குடிச்சிருந்தா நான் சிரிச்சிருப்பேன். ஒளிஞ்சு நின்னு பிரியாணி அடிச்சிருந்தா இன்னும் ஒரு மாசத்துக்கு ஆபீஸ் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பேன்" என்றான். "ஒன் நோம்புக்கு யார்டா கணக்கு கேக்கப்போறா? 'முடியல ஹசன்'னு ஒரு வார்த்த. அத ஏன் மறைச்சே?"

சதீஷ் கம்பியில் கையை ஊன்றிக் கீழே பார்த்தான்.

"அது என்னது, பச்சையா?"

"கசாயம். முதுகுக்கு."

"முதுகு வலிக்குதா இப்ப?"

"இல்ல."

"எப்பலேர்ந்து இல்ல?"

முதுகுவலி எப்போதோ போய்விட்டிருந்தது. குடிக்காமல் இருந்தால் வருகிற வலி வேறு என்பது அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"தாரிணிகிட்ட நீயே சொல்லு" என்றான் ஹசன் அலி. "நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும். வா, சம்சா ஆறுது."

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷார்ஜாவில் பள்ளிகளுக்கு விடுமுறை; சதீஷும் லீவு சொல்லியிருந்தான். காலையில் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது சதீஷ் சொன்னான். பார்க்கிங், ஃபிளாஸ்க், மீசை எல்லாவற்றையும்.

தாரிணி முதலில் சிரித்துவிட்டாள். "கசாயம் குடிச்சதுக்கா இவ்ளோ பில்டப்பு? நானும்தான் காப்பி இல்லைன்னா பேயாட்டம் ஆடுவேன்."

"காப்பி இல்லைன்னா நீ கத்துவ. எனக்கு உடம்பே கழண்டு போற மாதிரி இருந்துச்சு தாரு. காலைல அஞ்சு மணிக்கே குடிச்சிருந்தேன், மதியம் தாங்கல."

அவள் சிரிப்பு நின்றது. "இதுக்கு உண்மையான பேரு என்ன?"

"கெத்து."

"அது நீ வச்ச பேரு."

கைபேசியை எடுத்தாள். கெத்து என்று தேடினால் விசில் சத்தமும் கறுப்புக் கண்ணாடியும்தான் வந்தன. சோலையப்பன் சொன்ன உச்சரிப்பை ஆங்கிலத்தில் இப்படியும் அப்படியும் எழுதிப் பார்த்தாள். கடைசியில் சிவப்பு நரம்போடிய ஓர் இலை திரையில் வந்தது. மலாய்ப் பெயருக்குக் கீழே உலகம் அதை அழைக்கும் இன்னொரு பெயர்: கிரேட்டம்.

அவள் நின்றபடியே படித்தாள். தண்ணீர் வற்றிப் பாத்திரம் சுட்டது. சதீஷ்தான் எட்டி அடுப்பை அணைத்தான்.

"அபின் வேலை செய்யுற அதே எடத்துல மூளைல இதுவும் போய் ஒக்காருமாம்" என்றாள். "நாளாக நாளாக அளவு ஏறிட்டே போகுமாம். நிறுத்தினா மூக்கு ஒழுகும், கால் சும்மா இருக்காது, எரிச்சல் வரும்..." வாசிப்பதை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். "ரொம்ப நாள் எடுத்தா கன்னம் கறுக்குமாம்."

வெயிலில் கறுத்துவிட்டாய் என்று ஆறு மாதமாக அவன் முகத்துக்கு க்ரீம் வாங்கித் தந்துகொண்டிருந்தது அவள்தான். அவன் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனதற்கு டயட் என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றபோது அவன் ஏதேதோ காரணம் சொன்னதும் இப்போது புரிந்தது. பொட்டலத்தை விமானத்தில் கொண்டுபோக அவனுக்குத் துணிவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

"நான் கெமிஸ்ட்ரி டீச்சர் சதீஷ்" என்றாள் தாரிணி. "பிள்ளைங்களுக்கு லேபிள் படிக்காம எதையும் தொடாதீங்கன்னு சொல்றவ. சுக்கு தட்டிப் போட்டேன்."

பிறகு இன்னும் கொஞ்சம் கீழே படித்து, திரையை அவன் பக்கம் திருப்பினாள். இந்த நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

அந்த ஒரு வரியில் வேலையும் விசாவும் ஹர்ஷினியின் பள்ளிக்கூடமும் ஆட்டம் கண்டன. தாரிணி பொடி இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய், தாழ்வாரத்தின் கோடியில் இருந்த குப்பைக் குழாய்க்குள் போட்டாள். அது மாடி மாடியாக மோதிக்கொண்டு இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"டாக்டர்?" என்றாள் திரும்பி வந்து.

"சொன்னா உள்ள போட்டுடுவாங்க. இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்குல்ல? நானே விட்டுடுறேன்."

*

சனிக்கிழமை பகலில் அவன் சோபாவுக்கும் படுக்கைக்குமாக அலைந்தான். வியர்த்தது, குளிர்ந்தது. எலும்புக்குள் யாரோ எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டதுபோல இருந்தது. தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஹர்ஷினி நிமிர்ந்து, "அப்பா, வை ஆர் யுவர் லெக்ஸ் டான்ஸிங்?" என்றாள்.

"வாய மூடிட்டு வேலையப் பாரு!"

அவன் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. குழந்தை அழவில்லை. க்ரேயான்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

தாரிணி குளியலறையில் இருந்த நேரம் பார்த்து சதீஷ் லிஃப்டில் கீழே இறங்கினான். எதற்கு இறங்குகிறோம் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. குப்பை அறையின் இரும்புக் கதவைத் தள்ளினான். குழாய் வந்து கொட்டும் பெரிய தொட்டி. கருப்புப் பைகள், அழுகிய பழ வாடை. மேலாக இருந்ததைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டான்.

"க்யா கோ கயா சார்?"

கட்டடக் காவலாளி வாசலில் நின்றிருந்தார். வங்காளதேசத்துக்காரர். என்ன தொலைந்தது என்று கேட்கிறார்.

"சாபி" என்றான் சதீஷ். சாவி.

"மில் ஜாயேகா சார், மில் ஜாயேகா" என்றபடி, கிடைத்துவிடும் என்ற நிச்சயத்தோடு, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உடனே குனிந்தார். நோன்பாளி, உதடு காய்ந்திருந்தது. கையுறைகூட இல்லாமல் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உலுக்கி, காதருகே வைத்துக் கேட்டு, ஓரமாக வைத்தார். இல்லாத ஒரு சாவியின் சத்தத்துக்காக அவர் அவ்வளவு கவனமாகக் காதைக் கொடுத்தார்.

சதீஷ் தன் கைகளைப் பார்த்தான். முழங்கைவரை அழுக்கு.

"பஸ், பாய், போதும்" என்று அரைகுறை இந்தியில் சொன்னான். "கிடைச்சிருச்சு. என் பாக்கெட்லதான் இருந்திருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் முகமெல்லாம் சிரித்தார்.

மேலே போய் மணி அடித்தான். கதவைத் திறந்த தாரிணி கையைப் பார்த்தாள்.

"குப்பை ரூமுக்குப் போயிருந்தேன்" என்றான். "டப்பாவ எடுக்க. இன்னைக்கு எடுக்கல. நாளைக்கு எடுத்துருவேன், இல்லைன்னா யாரையாவது கூப்பிட்டு வாங்கிருவேன். நானே விட்டுடுறேன்னு சொன்னேன்ல, அது என்னால முடியாது தாரு. டாக்டர்கிட்ட போலாம். உள்ள போட்டாலும் பரவால்ல."

தாரிணி அவன் கைகளை அடுக்களைத் தொட்டிக்கு இழுத்துப்போய் சோப்பு போட்டாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "காலைலயே பர் துபாய்ல ஒரு கிளினிக்குக்குப் போன் பண்ணிட்டேன். மனநல டாக்டர், நம்ம ஊர்க்காரங்கதான். 'வீட்டுக்காரரோட ஃப்ரெண்டுக்கு'ன்னு சொல்லிப் பாத்தேன். அந்த ரிசப்ஷன் பொண்ணு, 'சரி மேடம், உங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டையும் உங்க வீட்டுக்காரரையும் நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க'ங்குது."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் இருவரும் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

ஹர்ஷினியை அழைத்துப்போக ஹசன் அலி வந்தான். சதீஷின் கோலத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தோளில் ஒரு குத்து மட்டும் விட்டான். சதீஷ் மகளின் முன்னால் மண்டியிட்டான்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லடா. அதான் கத்திட்டேன். தப்பு."

"சிக்கா?"

"ஆமா. மருந்து வாங்கப் போறேன்."

"ஓகே" என்றாள் அவள், கொஞ்சம் யோசித்து.

*

டாக்டர் நீலா கோயம்புத்தூர்க்காரர். எதையும் அவசரப்படுத்தாத குரல். "சொல்லுங்க. என்ன எடுத்துட்டு இருக்கீங்க?"

சதீஷின் வாய் பழகிய தடத்திலேயே ஓடியது. "ஒரு மூலிகைங்க. முதுகுவலிக்கு. எலைப் பொடிதான்..." நிறுத்தினான். அந்த வாக்கியங்களை இதற்கு முன் எத்தனையோ முறை, பெரும்பாலும் தனக்கே, சொல்லியிருக்கிறான். தாரிணி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கிரேட்டம்" என்றான். "தினமும். நாலு வேளை, சில நாள் அஞ்சு. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இல்லாம இருக்க முடியல."

டாக்டர் தலையசைத்தார். அதிர்ச்சியோ முகச்சுளிப்போ இல்லை. கடைசியாக எப்போது குடித்தான், தூக்கம், வயிறு, வலிப்பு வந்ததுண்டா, வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"டாக்டர்" என்று தாரிணி குறுக்கிட்டாள். "போலீஸ்..."

"சிகிச்சை வேணும்னு தானா வர்றவங்க மேல கேஸ் இல்லைன்னு இங்க சட்டமே சொல்லுதுங்க. அந்த பயத்துலயே பாதிப் பேர் வர்றதில்ல. வீட்ல மீதி இருக்குங்களா?"

"இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்."

"இனி வாங்கவும் கூடாது. சிகிச்சைக்குப் பதியுற நடைமுறை என்னன்னு நானே முறையா சொல்லித் தர்றேன்." அவர் சதீஷின் பக்கம் திரும்பினார். "விட்டது நல்லது. தனியா விட்டதுதான் கஷ்டம். இன்னும் சில நாள் உடம்பு படுத்தும். அதுக்கு மருந்து இருக்கு. ஈரல் எப்படி இருக்குன்னு ரத்தத்துல பாத்துடலாம். தாங்கலைன்னா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரில வச்சுப் பாத்துக்கலாம். அதுக்கப்புறம் மனசு, 'ஒரே ஒரு வாய்'னு கேட்டுட்டே இருக்கும். அப்ப என்ன பண்றதுன்னு நாம பேசிப் பழகணும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்லுவேன். வருவீங்களா?"

"வருவேன்."

"நான்தான் டாக்டர் காய்ச்சிக் குடுத்தேன்" என்றாள் தாரிணி திடீரென்று. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"அப்ப ஏனுங்க அங்க தள்ளி உக்காந்திருக்கீங்க? நாற்காலியக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடுங்க. ரெண்டு பேர்கிட்டயும் பேச வேண்டியிருக்கு."

*

திரும்பும்போது தாரிணிதான் ஓட்டினாள். சதீஷ் மருந்துக்கடையிலேயே முதல் மாத்திரையைப் போட்டுவிட்டிருந்தான். அது வேலை செய்ய நேரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் அவன் காலை மாற்றி மாற்றி மடக்கினான், நீட்டினான், கதவில் உதைத்துக்கொண்டான்.

"நடக்கணும்போல இருக்கு" என்றான். "உக்கார முடியல."

அவள் சாலையிலிருந்து விலகி மம்சர் கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். வெயில் தணிந்திருந்தது. தண்ணீருக்கு அந்தப்புறம் ஷார்ஜா, இந்தப்புறம் துபாய். நடுவில் ஒரு படகு யாருக்கும் சொந்தமில்லாததுபோல மிதந்தது. தாரிணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதலில் வேகமாக நடந்தான். அவள் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தாள். கரையின் கோடிக்குப் போய்த் திரும்பினார்கள். மறுபடியும் போனார்கள். அவன் முகம் வியர்வையில் மினுங்கியது, பற்கள் இறுகியிருந்தன.

"எவ்ளோ தூரம் இப்படி நடக்கணும்?" என்றான்.

"தெரியல" என்றாள். "அடுத்து வரச் சொல்லியிருக்குற திங்கக்கிழமை வரைக்கும்னு வச்சுக்கோ. அன்னைக்கு டாக்டர்கிட்ட மறுபடி கேப்போம்."

அவன் நடையைச் சற்றுக் குறைத்தான், அவளும் மூச்சு வாங்க வேண்டுமே என்று. பிறகு இருவரும் ஒரே வேகத்தில், ஈர மணல் தொடங்கும் இடத்தை ஒட்டி, இன்னொரு முறை அந்தக் கோடியை நோக்கிப் போனார்கள்.